கட்டுச்சோறும் கைத்திரையும்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து விடியற் பொழுதிலே குறிகட்டுவானை நோக்கிப் புறப்படும் வண்டியில் ஏறிப் பழகியவர்களுக்கு அதன் உள்நிலை நன்கு தெரியும். தீவகப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியைமார், பிரதேச செயலக உத்தியோகத்தர், பட்டினத்துக்கு வந்து மீளும் வியாபாரிகள், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் முதியோர் ஆகிய எல்லாரையும் சுமந்துகொண்டு வண்டி பண்ணைத் தாம்போதியில் ஏறும்போது, இருபுறமும் பரவைக்கடல் பளபளக்கும். ஒரு காலத்தில், அந்த இடத்தை அடையுமுன்னரே வண்டிக்குள் சம்பாஷணை களைகட்டிவிடும். இடமாற்றம், சம்பளம், கலியாணம், அரசியல் எல்லாம் வேலணை வருமுன் ஒரு முறை அலசப்பட்டுவிடும். இன்றோ வண்டியில் அரைவாசிப்பேர் தலை குனிந்திருக்கின்றனர். துயரத்தினாலன்று, உள்ளங்கையில் ஏந்திய சிறு திரையிலே ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இக்காட்சியைக் கண்டு நெடுமூச்செறியும் பெரியவர்கள் பலர். நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். பிரயாணத்தின்போது கைத்திரையிலே படம் பார்த்தல் பயனுள்ள செயலா, வெறும் பொழுதழிப்பா என்று ஓராண்டுக்கு முன் என்னை எவரேனும் வினவியிருந்தால், சற்றும் தாமதியாது "பொழுதழிப்பே" என்று விடை பகர்ந்திருப்பேன். இன்று அவ்வளவு விரைவாக விடை சொல்ல என்னால் இயலவில்லை. அவ்வாறு நான் எண்ணியதற்கும், பின்னர் தயங்கியதற்கும் காரணமான இரண்டு அநுபவங்களை இங்கே கூற விரும்புகிறேன். அதற்கு முன், இந்த வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்டிருக்கும் சிறு திரையின் வரலாற்றையும் தன்மையையும் சிறிது நோக்குதல் நியாயமாகும்.

பழிச்சொல் பழையது

புதிய பொழுதுபோக்கு ஒன்று வண்டியேறும்போதெல்லாம் அதனைப் பழிப்பது மனித இயல்பு. இங்கிலாந்திலே புகையிரதம் பரவிய காலத்தில், 1848ஆம் ஆண்டு, லண்டன் யூஸ்ரன் நிலையத்திலே டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனத்தார் புத்தகக் கடையொன்றைத் திறந்தனர். பிரயாணிகளுக்கென்றே மலிவான கதைப் புத்தகங்கள் அச்சாகத் தொடங்கின. ஓடும் வண்டியிலே படித்தால் கண் கெடும் என்று மருத்துவர் சிலர் எச்சரித்தனர். ஜேர்மனிய அறிஞர் வொல்ப்காங் ஷிவெல்புஷ், புகையிரதப் பிரயாணத்தின் வரலாறு பற்றி 1977இல் வெளியிட்ட நூலிலே சுவையானதொரு செய்தியை எடுத்துக்காட்டுகிறார். குதிரை வண்டியிலே ஒருவரோடொருவர் உரையாடிச் சென்ற மக்கள், புகையிரதப் பெட்டியிலே முன்பின் அறியாதவரின் எதிரே மணிக்கணக்காக அமர நேர்ந்தபோது, அந்த மௌனத்தின் சங்கடத்திலிருந்து தப்பும்பொருட்டுப் புத்தகத்தை எடுத்து முகத்தின் முன் பிடித்தார்களாம். இன்று நாம் உயர்வாகப் போற்றும் பிரயாண வாசிப்பு, அன்று சம்பாஷணையைக் கெடுத்த குற்றவாளியாக நின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நமது குடாநாட்டிலே இருப்புப் பாதை 1902இல் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே நேர்ப்பாதை அமைந்தது. 1956 ஏப்ரில் மாதத்தில் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியபின், அதிலே பத்திரிகையும் நாவலும் கையுமாகப் பிரயாணம் செய்வது படித்தவர்களின் அடையாளமாகவே ஆயிற்று. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தின் அயலிலே பூபாலசிங்கம் புத்தகசாலை அமைந்ததும் வாசகர்களுக்கு வாய்த்த பேறே. அங்கே வாங்கிய புத்தகத்தைப் பஸ்ஸிலே பிரித்து, வீட்டுப் படலையைத் திறக்குமுன் இரண்டு அத்தியாயம் முடித்தவர்கள் எத்தனை பேர்! 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அந்தக் கொடிய நாள்களிலே இப்புத்தகசாலையும் தீக்கிரையானது. பின்னர் மீண்டும் எழுந்தது. பஸ்ஸிலே படிக்கும் வழக்கமும் அதனோடு மீண்டது.

இனி, படத்தின் கதையைப் பார்ப்போம். படம் பிறந்ததே தனியொருவர் பார்ப்பதற்காகத்தான். எடிசனின் ஆய்வுகூடத்தில் உருவான 'கினெற்றோஸ்கோப்' என்ற பெட்டி 1894ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே பொதுமக்களின் பார்வைக்கு வந்தது. ஒருவர் குனிந்து, ஒரு துளையிலே கண்ணை வைத்து, ஒரு நிமிடத்துக்கும் குறைந்த காட்சியைக் கண்டு நிமிர்வார், அடுத்தவர் குனிவார். மறு ஆண்டு டிசம்பரிலே பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர் படத்தைச் சுவரிலே பெரிதாக வீழ்த்திப் பலர் கூடியிருந்து பார்க்கச் செய்தனர். நம்மவர் வெலிங்டன், வின்சர், மனோகரா, ராணி முதலிய திரையரங்குகளிலே கண்டது இந்த இரண்டாவது வழியின் வளர்ச்சி. 1979இல் இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது. எண்பதுகளிலே வீடியோவும் பரவியது. ஊருக்கொரு வீட்டிலே பெட்டியை வாடகைக்கு எடுத்து, பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படம் பார்த்த அந்தக் காலம் பலருக்கும் நினைவிருக்கும்.

அதே 1979இல் யப்பானிலே சொனி நிறுவனத்தார் 'வோக்மன்' என்ற சிறு ஒலிப்பெட்டியை வெளியிட, பாட்டு மனிதனோடு நடக்கத் தொடங்கியது. 1982இல் அவர்களே கையடக்கத் தொலைக்காட்சியையும் விற்றனர். 1998இல் மடித்து எடுத்துச் செல்லத்தக்க டி.வி.டி. கருவி வந்தது. 2005இல் அப்பிள் நிறுவனத்தாரின் 'ஐபொட்' என்னும் பாட்டுப்பெட்டி இரண்டரை அங்குலத் திரையிலே படமும் காட்டத் தொடங்கியது. இன்று அந்தத் தனிக் கருவிகள் எல்லாவற்றின் வேலையையும் கையடக்கத் தொலைபேசியே செய்கிறது. நூறாண்டு கடந்து, படம் மீண்டும் தனியொருவரின் குனிந்த பார்வைக்குத் திரும்பியிருக்கிறது.

சிறுமை திரையின் குற்றமா?

"உள்ளங்கையளவு திரையிலே என்ன தெரியும்?" என்பது முதலாவது ஆட்சேபம். இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். கண்ணுக்குப் பொருளின் அளவு மாத்திரம் கணக்கன்று. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கு. அந்த இரண்டரை அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர். அதனை முப்பது சென்ரிமீற்றர் தூரத்திலே பிடித்தால், அகலம் தூரத்தில் ஆறிலொரு பங்காகும். நம் வீடுகளிலே இருந்த பழைய 21 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியை எட்டடி தள்ளியிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ இதே விகிதந்தான். இன்றைய தொலைபேசியின் திரையோ அதனிலும் இரு மடங்குக்கு மேல் அகலமானது. அதனைக் கையிலே பிடித்துப் பார்ப்பது, பன்னிரண்டு மீற்றர் அகலமுள்ள வெண்திரையை இருபத்தேழு மீற்றர் தூரத்திலிருந்து, அதாவது பெரிய திரையரங்கின் பின்வரிசையிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். ஆகவே, சிறுமை என்பது திரையின்மேற் சாட்டத்தக்க பெருங்குற்றமன்று.

உண்மையான குறைகள் வேறு. முதலாவது ஒளி. நமது நாட்டு வெயிலிலே, பஸ் யன்னலோரத்திலே, படத்தின் இருண்ட காட்சிகள் கண்ணாடியாக மாறிப் பார்ப்பவரின் முகத்தையே காட்டும். இரண்டாவது குலுக்கம். கையும் தலையும் வெவ்வேறு விதமாக அசைவதால், கண் ஓயாது திரையைத் துரத்த வேண்டியிருக்கிறது. மூன்றாவது குமட்டல். திரையை நோக்கும் கண் "நாம் அசையாதிருக்கிறோம்" என்கிறது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்போ "நாம் குலுங்குகிறோம்" என்கிறது. முரண்பட்ட இவ்விரு சாட்சியங்களையும் கேட்ட மூளை தடுமாற, வயிறு குமட்டுகிறது. கடற் பிரயாணத்திலே இது மேலும் கடுமை. யன்னலூடாகத் தொலைவை நோக்கினால் கண்ணும் செவியும் மீண்டும் உடன்பட, குமட்டல் தணியும். கண்ணுக்கும் அதுவே மருந்து. அண்மையிலுள்ளதை இருபது நிமிடம் பார்த்தால் இருபதடிக்கு அப்பாலுள்ளதை இருபது விநாடியாவது பார்க்க வேண்டும் என்பது கண் மருத்துவர் கூறும் எளிய விதி. பஸ் பிரயாணிக்கு அதற்கென்று வேறிடம் தேட வேண்டியதில்லை. பனையும் வயலும் கடலும் பக்கத்திலேயே இருக்கின்றன.

நான்காவது குறை ஒலி. பஸ்ஸின் இரைச்சலை வெல்லும்பொருட்டு இயர்போனின் ஒலியை மேலும் மேலும் கூட்டுவோர் தம் செவியைத் தாமே பழுதாக்குகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட தராதரம், வாரத்துக்கு நாற்பது மணித்தியாலம், எண்பது டெசிபல் என்ற எல்லையை வளர்ந்தோருக்கு வகுக்கிறது. சிறுவர்க்கு அது எழுபத்தைந்து. இயர்போன் இல்லாமலே உரத்து ஒலிக்கவிடுவோர் பற்றி நான் கூற வேண்டுமா? கொழும்புக்கு இரவிலே செல்லும் சொகுசு பஸ்களில், முன்னே தொங்கும் பெட்டியிலே, யாரோ தெரிந்தெடுத்த படத்தை எல்லாரும் பார்த்தே தீரவேண்டிய நிலையை அநுபவித்தவர்கள், தனிக் கருவியையும் இயர்போனையும் ஓரளவு நாகரிகம் என்றே கொள்வர்.

இக்குறைகளெல்லாம் திருத்தத்தக்கவை. என் பகைமைக்கு இவை காரணமல்ல. காரணம் வேறொன்று.

ஆனையிறவில் இழந்தது

1990ஆம் ஆண்டிலே வடபகுதிப் புகையிரதம் நின்றுபோனது. ஆனையிறவுப் பாதை அடைபட்ட பின்னர், குடாநாட்டு மக்கள் கிளாலிக் கரையிலே இரவில் வள்ளமேறிக் கடல்நீரேரியைக் கடந்து தென்கரை சேர்ந்தனர். என் தாயாரை வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கொண்டு சென்றபோது நானும் அவ்வாறு கடந்தேன். விளக்கு இல்லை, பேச்சு இல்லை. நடுக்கடலிலே அவர் என் காதோரம் குனிந்து, "தம்பி, ஆனையிறவு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இருளிலே ஒரு திசையைக் காட்டினேன். அவருக்கு ஆனையிறவு என்றால் புகையிரத யன்னலிலே தெரியும் ஆனையிறவுதான். இருபுறமும் தண்ணீர், வெயிலிலே வெளுத்த உப்பளம், எதிர்காற்று, எழுதுமட்டுவாளும் கொடிகாமமும் இனி வரும் என்ற நிம்மதி. அவர் அந்த யன்னலை மறுபடி காணாமலே கொழும்பிலே காலமானார்.

2014 ஒக்ரோபர் மாதத்திலே புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இதற்கிடையில் பஸ்ஸிலே பல முறை ஆனையிறவைக் கடந்திருந்தேனாயினும், புகையிரதத்திலே கடக்கும் நாளை அம்மாவுக்காகவும் காத்திருந்தேன். சில மாதங்களின் பின் கொழும்பிலிருந்து அந்த வாய்ப்பு வந்தது. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர்ப் பிரயாணம். என் மகன் அன்போடு ஒரு சிறு கருவியிலே பழைய நகைச்சுவைப் படமொன்றை ஏற்றி, "அப்பா, பொழுது போகும்" என்று தந்தனுப்பினான். வவுனியா வரை யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு சிறிது அலுப்பு, கருவியை எடுத்தேன். படம் நன்றாயிருந்தது, வாய்விட்டுச் சிரித்தேன். யாரோ எழுந்து பைகளை இறக்கும் சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தபோது, நிலையத்தின் பெயர்ப்பலகையிலே 'பளை' என்று எழுதியிருந்தது.

ஆனையிறவு கடந்து போயிருந்தது. இருபத்துநான்கு ஆண்டு நான் காத்திருந்த காட்சி, முன்பே பல முறை பார்த்த ஒரு நகைச்சுவைக் காட்சிக்காகப் பறிபோயிற்று. வண்டியைத் திருப்பச் சொல்ல முடியுமா? அன்று அந்தக் கருவியை மகனிடமே திருப்பி அனுப்பிவிட்டேன். குனிந்த தலைகளைக் காணும்போதெல்லாம் எனக்குள் எழுந்த சினம், பிறர்மேல் எழுந்தது போலத் தோன்றினாலும், உண்மையில் என்மேல் எழுந்ததே.

நெடுந்தீவுக்குப் போகும் பிள்ளை

சென்ற ஆண்டு நயினாதீவுக் கோயிலுக்குச் சென்று திரும்புகையில், குறிகட்டுவான் இறங்குதுறையிலே பஸ் ஏறினேன். அருகில் வந்தமர்ந்தவள் முன்னொரு காலத்தில் என்னிடம் படித்த மாணவி. இன்று நெடுந்தீவிலே தமிழாசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பஸ் பிரயாணம். அங்கிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற் பிரயாணம். காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு நாலைந்து மணித்தியாலம் அவளுக்கு வழியிலேயே கழிகிறது. நலம் விசாரித்து முடிந்ததும் அவள் தன் தொலைபேசியை எடுத்து இயர்போனை மாட்டிக்கொண்டாள். நான் பொறுத்திருந்தேன். வாணர் தாம்போதியிலே வண்டி சென்றுகொண்டிருந்தபோது அவள் கண்களைத் துடைப்பதைக் கண்டேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பிள்ளை, நீயும் இந்தக் குனிஞ்ச கூட்டத்திலை சேந்திட்டாய் போலை. வெளியிலை இவ்வளவு வடிவான கடல் கிடக்குது."

அவள் சிரித்தாள். "சேர், விடிய நாலு மணிக்கு அடுப்படி. பிறகு பள்ளிக்கூடம். பின்னேரம் வீட்டை போனால் பிள்ளையளின்ரை படிப்பு, மாமியின்ரை மருந்து. எனக்கெண்டு இருக்கிற நேரம் இந்தப் பஸ்ஸிலைதான். இந்தக் கடலை ஆறு வருஷமாப் பாக்கிறன். ஒரு நாளைக்குப் பாக்காட்டில் அது கோவிக்காது."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது சத்யஜித் ராய் 1955இல் தந்த 'பதேர் பாஞ்சாலி'. இரண்டு மணித்தியாலப் படத்தை நான்கு நாளாகப் பார்க்கிறாளாம். கடலிலே பார்ப்பதில்லை, தலை சுற்றும். இடைவழியிலே தொடர்பும் அறுந்துபோகும். ஆதலால், வாரக் கடைசியிலே வீட்டிலிருந்து ஆற அமரத் தேடி, அந்த வாரத்துக்கு ஒரு படத்தைக் கருவியிலே ஏற்றிவைத்துக்கொள்வாள். பஸ்ஸிலே பார்ப்பாள், வள்ளத்திலே பார்த்ததை நினைத்துக்கொண்டிருப்பாள். அப்படத்திலே அப்பு, துர்க்கா என்ற இரு பிள்ளைகள் புல்வெளியூடாக ஓடிப் புகையிரதத்தைக் காணும் காட்சி புகழ்பெற்றது. நெடுந்தீவிலே இருப்புப் பாதை இல்லை. அவளுடைய வகுப்பிலே புகையிரதத்தை நேரிலே காணாத பிள்ளைகள் உண்டு. முதல் நாள் பார்த்ததை மறுநாள் வகுப்பிலே கதையாகச் சொல்லியிருக்கிறாள். "பிறகு என்ன நடந்தது, ரீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்க, "எனக்கும் தெரியாது. நாளைக்குப் பஸ்ஸிலை பாத்திட்டு வந்து சொல்லுறன்" என்றிருக்கிறாள். அன்று தொட்டு அவள் இறங்குதுறையிலே இறங்கி வரும்வரை அந்தப் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். அக்காலத்திலே வாரப் பத்திரிகையின் தொடர்கதைக்குக் காத்திருந்த நமக்கு இது விளங்காததா?

"அப்ப ஏன் அழுதனீ?" என்றேன்.

"துர்க்கா செத்துப்போனாள், சேர். அவள் மழையிலை நனையேக்கையே எனக்குப் பயமாயிருந்தது. நாளைக்கு அதுகளுக்கு இதை என்னெண்டு சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு வாறன்."

அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. அந்த மழைக் காட்சியின் இருளும் ஒளியும் வெயிலடிக்கும் பஸ்ஸிலே முழுமையாகத் தெரிந்திருக்கமாட்டா என்பது உண்மை. முழுப்படத்தையும் ஒரே இருக்கையில், இருண்ட மண்டபத்தில், பலரோடு கூடியிருந்து பார்ப்பதே அந்தக் கலைஞனுக்குச் செய்யும் மரியாதை என்பதும் உண்மை. ஆனால், அவளுக்கு அந்த மண்டபமும் இல்லை. அந்த ஓய்வும் இல்லை. பஸ்ஸிலே பார்க்காவிட்டால் அவள் அந்தப் படத்தை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டாள். நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கும் துர்க்கா அறிமுகமாகியிருக்கமாட்டாள். நல்ல நூலொன்றைப் படித்து அழுதவளை நான் கண்டித்திருப்பேனா? பொழுதழிப்பு என்ற என் தீர்ப்பு அன்று அந்தத் தாம்போதியிலேயே தளர்ந்துவிட்டது.

கட்டுச்சோறு

இவ்விரண்டு அநுபவங்களையும் எதிரெதிரே வைத்துப் பல நாள் சிந்தித்தேன். கருவி ஒன்றே, செயலும் ஒன்றே. எனக்கு அது ஒன்றைப் பறித்தது. அவளுக்கு ஒன்றைத் தந்தது. வேறுபாடு எங்கே?

முதலாவது வேறுபாடு பிரயாணத்திலே. என்னுடையது வாழ்க்கையில் ஒரு முறை வாய்க்கும் பிரயாணம். அவளுடையது ஆயிரம் முறை செய்த பிரயாணம். முன்னதிலே யன்னல்தான் படம். பின்னதிலே யன்னல் சொல்ல வேண்டியதைப் பெரும்பாலும் சொல்லி முடித்துவிட்டது. அங்கே கைத்திரை ஒரு புதிய யன்னலாகலாம்.

இரண்டாவது வேறுபாடு தெரிவிலே. நம் முன்னோர் நெடுவழி செல்லும்போது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு செல்வர். வழியிலே எவ்வளவு பசிக்கும், எது பழுதாகாது, எத்தனை பேர் உண்பர் என்று முதல்நாளே எண்ணிக் கட்டிய சோறு அது. ஆசிரியை வார இறுதியிலே தெரிந்தெடுத்து ஏற்றிய படம் கட்டுச்சோறு. என் படமோ மகன் கட்டித் தந்தது. பசியில்லாமலே, அலுப்பினால் அவிழ்த்தேன். இதனிலும் பரிதாபமானது, இன்று இளைஞர் பலர் பஸ்ஸிலே பார்க்கும் குறுங்காணொளி. அரை நிமிடத்துக்கு ஒன்றாக அது வந்து விழுகிறது. பார்ப்பவர் தெரிந்தெடுப்பதில்லை, கருவியின் பின்னாலுள்ள கணக்குத்தான் தெரிந்தெடுத்து ஊட்டுகிறது. கொடிகாமம் தொடக்கம் யாழ்ப்பாணம் வரை அவ்வாறு பார்த்து வந்த தம்பி ஒருவரிடம் "என்ன பார்த்தீர்?" என்று கேட்டேன். அவர் யோசித்தார், பிறகு நாணிச் சிரித்தார். ஒன்றும் நினைவில் இல்லை. கட்டுச்சோற்றை உண்டவன் பசி ஆறி எழுகிறான். இதை உண்டவனுக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

மின்சாரம் அற்றுப்போன தொண்ணூறுகளிலே, துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவைக் கையாலே சுழற்றி நாம் வானொலி கேட்டதுண்டு. ஒருவர் சுழற்ற மற்றவர் கேட்க வேண்டும். ஆகையால், கேட்கத்தக்கதையே கேட்டோம். அந்தத் தட்டுப்பாடு மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார். ஆயினும், தெரிந்தெடுக்கும் பழக்கத்தை அது நமக்குக் கற்றுத்தந்தது.

மூன்றாவது வேறுபாடு, பார்த்தபின் என்ன ஆயிற்று என்பதிலே. அவள் பார்த்தது வகுப்பறைக்குச் சென்றது. நான் பார்த்தது பளையோடு முடிந்தது. இறங்கியபின் ஒருவருக்கு எடுத்துச் சொல்லத்தக்கதாய் இருந்தால், பார்த்த நேரம் வீணன்று என்று துணிந்து கூறலாம்.

கட்டிச் செல்வதற்கு நல்ல பொருள் இல்லையே என்று எவரும் குறைகூற வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கிலே திரட்டி வைத்திருப்பதோடு, ஒலி ஒளிப் பதிவுகளையும் சேர்த்து வருகிறது. எரிந்துபோன நூலகத்தின் நகரத்திலிருந்து புறப்படும் பஸ்ஸிலே, ஒரு நூலகத்தையே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செல்லலாம் என்பது சிறிய செய்தியா? 2015இல் யாழ்ப்பாணத்திலே சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியபின், பத்து இருபது நிமிடக் குறும்படங்கள்மீது நம் இளைஞருக்கு ஆர்வம் கூடியிருக்கிறது. நல்லூரிலிருந்து சாவகச்சேரி செல்வதற்குள் ஒன்று முடிந்துவிடும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்திலே தொலைபேசியிற் பாடம் கேட்டுப் பழகிய மாணவர்க்கு, விளங்காத பௌதிகக் கணக்கொன்றை மறுபடி பார்ப்பதற்கும் பஸ் உதவும். படம் வேண்டாதவர்க்கு, நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அடங்கும் குறுந்தொகைப் பாட்டு இருக்கிறது. இரண்டு தரிப்பிடங்களுக்கிடையே ஒன்றைப் படித்து, அடுத்த தரிப்பிடம் வரை அதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரிடம் "பஸ்ஸிலே தொலைபேசி பார்க்காதே" என்று சொல்வது எளிது; அவர்கள் நம் முன்னே தலையாட்டிவிட்டு வழியிலே பார்ப்பர். அதனிலும், "இந்த வாரம் வழியிலே என்ன பார்த்தாய்? எங்களுக்குச் சொல்லு" என்று திங்கட்கிழமை வகுப்பிலே பத்து நிமிடம் ஒதுக்குதல் பயன் தரும். சொல்ல வேண்டியிருக்கிறது என்று அறிந்த பிள்ளை, சொல்லத்தக்கதைத் தேடும். பாடசாலை நூல்நிலையத்திலே 'வழிப் பிரயாணத்துக்கு ஏற்றவை' என்று ஒரு சிறு பட்டியலைத் தொங்கவிடுதலும் கடினமான காரியமன்று.

மாணவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீதியைக் கடக்கும்போதும், இருப்புப் பாதைக் கடவையை அணுகும்போதும் திரையையும் இயர்போனையும் கைவிடுங்கள். அங்கே இழப்பது ஒரு காட்சியன்று, உயிர். முதியவர் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நிற்பதைக் காணமுடியாத அளவுக்கு எந்தப் படமும் உங்களை விழுங்கிவிடலாகாது. நீங்கள் முதல்முறையாகச் செல்லும் வழியையும், உங்கள் பெற்றோர் ஏதேனும் ஒன்றைச் சுட்டிக்காட்டும் வழியையும் திரைக்காக இழந்துவிடாதீர்கள். படத்தை நிறுத்திவைத்து மீண்டும் பார்க்கலாம். வழியை அவ்வாறு நிறுத்திவைக்க முடியாது.

பிறகு நான் கொழும்பு சென்று திரும்பியபோது, மகனிடம் அந்தக் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவனுக்கு வியப்பு. இம்முறை படத்தை நானே தெரிந்தெடுத்தேன். வவுனியாவுக்கு அப்பால் பார்க்கத் தொடங்கினேன். பரந்தன் கடந்ததும் அதனை நிறுத்தி, மடியிலே கவிழ்த்து வைத்தேன். உப்பளமும், தண்ணீரும், தொலைவிலே சில பூநாரைகளும் தெரிந்தன. காற்று முகத்திலே அடித்தது. எந்தப் பக்கம் என்று கேட்ட தாயாருக்கு மனத்துக்குள்ளே காட்டினேன். பளை நிலையத்தில் வண்டி நின்று புறப்பட்டபின், மீதிப் படத்தைப் பார்த்தேன்.